ஊதக் கூடாத உயிர்

எங்கள் வீட்டில் காய்ச்சலென்றாலும் பரீட்சையென்றாலும் உம்மா குர்ஆன் வசனம் ஓதி மேலே ஊதுவார். புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கும் ஊதியிருக்கிறார். அதனால்தான் நான் கண்டுபிடித்த பக்டீரியாவை வீட்டுக்குக் கொண்டுவர எனக்குப் பயமாக இருந்தது.

அது ஹஜ் பெருநாளில் குர்பான் கொடுத்த மாட்டின் வயிற்றில் கிடைத்தது. பாபத் கறிக்காக உம்மா வயிற்றைக் கழுவ உட்கார்ந்தபோது, அதற்குள் கிடந்த புல்கூழை நான் ஓடிப்போய் அள்ளினேன்.

"இவ்வளவு படிச்சதும் சாணி அள்ளவா புள்ள?" என்றார்.

கறியைச் சாப்பிட்டு முடித்தோம். கூழில் இருந்ததோ யாரும் இதுவரை விவரிக்காத இனம். அதை உயிரோடு வெளிநாட்டு நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களுக்கு அனுப்பினால்தான் அதற்கு நான் வைக்கும் பெயரை ஏற்பார்கள்.

அனுப்ப இருந்த நேரம் பார்த்து வெள்ளம் வந்தது. ஆய்வுகூடத்தில் கரண்ட் போய், இருந்தவையெல்லாம் செத்தன. மிஞ்சிய ஒரே குழாயைக் கல்முனைக்குடி வீட்டுக்குக் கொண்டுவந்து, மாட்டு வயிற்றின் சூட்டில் இருக்கட்டுமென்று உம்மாவின் தேத்தண்ணி ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான நீருக்குள் இறக்கினேன்.

"கொண்டா, ஓதி ஊதித் தாறன்."

"வேணாம் உம்மா. காத்துப் பட்டாச் செத்திரும்."

"என்ட மூச்சும் அதுக்கு நஞ்சா?"

தூக்கமில்லாத எரிச்சலில் "ஓம்" என்று சொல்லிவிட்டேன். உம்மாவின் முகம் வாடிப்போனது. பகல் சாப்பிட்டுச் சாய்ந்தவள் அப்படியே அயர்ந்துவிட்டேன்.

கண்விழித்தபோது ஃபிளாஸ்க் திறந்து கிடந்தது. குழாய் உம்மாவின் கையில். பக்கத்தில் மீன் வெட்டும் கத்தி. காற்றுப் புகுந்தால் உள்ளே இருக்கும் திரவம் ரோஸ் நிறமாகிவிடும். பறித்து வெளிச்சத்தில் பிடித்தேன். நிறம் மாறவில்லை.

"என்னத்தப் போட்டு இந்த மூடிய இறுக்கி வெச்சிரிக்காய்? கத்திக்கும் அசையல்ல" என்றார் உம்மா, குற்றமெல்லாம் என்னுடையது போல.

"அப்ப ஊதல்லியா?"

"ஓதினத வீணாக்க ஏலுமா? நீ வாயத் திறந்துக்கு நித்திரை கொண்டாய். உனக்கு ஊதிட்டன்."

வெள்ளம் வடிந்ததும் குழாய் உயிரோடு போய்ச் சேர்ந்தது; பெயரையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் உம்மா அப்படிச் சொன்ன அன்றைக்கு எனக்குப் பெயரும் நினைவில்லை, வெள்ளமும் நினைவில்லை. வெட்கமாக இருந்தது. குழாயைத் திரும்ப ஃபிளாஸ்க்கில் இறக்கி மூடி வைத்துவிட்டு, உம்மாவின் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தேன்.

"இன்னொருக்கா ஊதுங்க உம்மா. இப்ப முழிச்சிரிக்கன்."