தெருமுனை வரை போன ரொட்டி வாசம்

ஓடைப்பட்டியில் எங்கள் தெருவில் காய்ச்சல் கண்டால்தான் ரொட்டி வாங்குவார்கள். பெங்களூரில் இருக்கும் என் மகளுக்கு அது மறந்துபோயிருந்தது. சோறு இறங்காத அப்பாவுக்காக ரொட்டி சுடும் மெஷின் ஒன்றை அனுப்பிவைத்தாள்.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தேனி டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரரிடம் வயிற்றுப்புண் என்றுதான் சொல்லிவைத்திருந்தோம். தெருவிலும் மூச்சு விடவில்லை.

மாவும் ஈஸ்ட்டும் தண்ணீரும் போட்டுப் பட்டனை அமுக்கினேன். மெஷினே பிசைந்து, பொங்கவைத்து, சுட்டது. வாசம் தெருமுனை வரை போயிருக்க வேண்டும். எதிர்வீட்டுச் செல்வி நேரே அவர் கட்டிலுக்கே வந்துவிட்டாள்.

"என்னண்ணே, ரொட்டி வாசம் வருது? யாருக்கு முடியல?"

"எனக்குத்தேன், ஆத்தா. நான் பிழைக்க மாட்டேன். ஒன் மதினிக்குத் தெரியாது. சொல்லிராத."

அடுப்படியில் சுடுரொட்டியோடு அப்படியே நின்றேன். செல்வி போனபிறகு, பாலில் நனைத்துக் கொண்டுபோனேன்.

"சும்மா ஆசைக்குச் சுட்டேன்" என்று சிரித்தேன்.

"நல்லாருக்கு" என்று அவரும் சிரித்தார். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

கடைசிவரை இருவரும் அப்படியே இருந்தோம். அன்று அவர் செல்வியிடம் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது என்பதை அவரிடம்தான் சொல்ல வேண்டும். அவர்தான் இல்லை.