புது வீட்டில் என் கூலி யார் தலையில்?

வீடு வாங்குகிறவர்களோடு துணைக்குப் போகிற தொழிலில் வீட்டைப் பற்றிக் கற்றுக்கொள்வது சுலபம். கூலியை யாரிடம் வாங்குவது என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கத்துச் சந்தேகத்தையும் சுமந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

மனைவி கேட்டது

டேனிஷ் நகரமான ஹோர்சன்ஸில் நான் ஒரு சரக்குக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவன். டேனிஷ் பத்திரங்களை அகராதி வைத்து வாசிக்கப் பழகியிருந்ததால், வீடு பார்க்கப் போன நம்மவர்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அதுவே தொழிலாகிவிட்டது. பழைய வீடு என்றால் குழப்பமில்லை. தரகர் விற்கிறவருடைய ஆள்; அவருக்கு விற்கிறவர் கொடுப்பார். வாங்குகிறவர் தன் பக்கம் ஓர் ஆள் வேண்டுமென்றால் தானே கொடுத்து வைத்துக்கொள்வார்.

புது வீட்டில்தான் சிக்கல். வீடு கட்டும் நிறுவனமொன்றின் விற்பனையாளர் யென்ஸ், நான் கூட்டிவருகிறவர்கள் கையெழுத்து வைத்தால் எனக்கும் ஒரு தொகை உண்டு என்றார். நம்மவர்களிடம் காசு கேட்கக் கூச்சப்பட்ட எனக்குப் பெரிய நிம்மதி. வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி மறுநாள் வேலைக்கான உடுப்பை ஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் இறந்துபோய்ச் சில வருடங்களாகின்றன. அன்று அவள் கேட்டது மட்டும் போகவில்லை: "காசு தாறது கட்டுறவன். வேலை செய்யிறது வாங்குறவனுக்கு. அப்ப நீங்கள் ஆருடைய ஆள்?"

கல் மேசை

ஓல்போர்க்கிலிருந்து ஹோர்சன்ஸுக்கு வேலை மாறி வந்த கோயம்புத்தூர்த் தம்பதி கார்த்திக்கும் திவ்யாவும். கட்டுகிறவர் எனக்குத் தருவதை நான் யாரிடமும் மறைப்பதில்லை. கார்த்திக்கிடமும் முதல் நாளே சொன்னேன். கார்த்திக் சிரித்துக்கொண்டு, "அதுல பாதிய எங்க பக்கம் தள்ளிடுங்க அங்கிள், ஊர்ல அப்படித்தான்" என்றார். பாதி எதற்கு, முழுவதையுமே வீட்டு விலையில் கழித்துவிட்டால் என் குழப்பம் தீரும் என்று நினைத்து யென்ஸிடம் போனேன். விலையில் கைவைக்க முடியாது என்றார். ஒரு வீட்டுக்குக் குறைத்தது தெரிந்தால் அந்தத் தெரு முழுவதும் கேட்கும். வேண்டுமானால் சமையலறைக்கு மரப்பலகை மேசைக்குப் பதில் கல் மேசை போட்டுத் தருகிறேன் என்றார்.

அப்படி என் கூலி கறுப்புக் கல்லாக மாறி அவர்கள் சமையலறையில் உட்கார்ந்தது. குடிபுகுந்த அன்று திவ்யா அந்தக் கல்லின் மேல்தான் எனக்குக் காப்பி வைத்தாள். கல்லை ஒருமுறை தடவிவிட்டு உண்மையான அக்கறையோடு கேட்டாள்: "இது பில்டர் ஃப்ரீயா கொடுத்தது அங்கிள். ஆமா, உங்க ஃபீஸ் யாரு தர்றாங்க?"

நீர் நின்ற காணி

அடுத்து என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் செல்வம்; தொழிற்சாலையில் வேலை. மனைவி வாசுகி முதியோர் பராமரிப்பில். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து வாடகை வீட்டில் இருந்து சேர்த்ததெல்லாம் ஒரே கையெழுத்தில் போகப்போகிறது. அவர்கள் ஆசைப்பட்ட காணி ஃபியோர்ட் என்கிற கடற்கழிப் பக்கமாகச் சரிந்து கிடந்தது. போன வாரம் பெய்த மழை இன்னும் புல்லில் நின்றது. ஒப்பந்தத்தில், மண் இளகலாக இருந்து அத்திவாரம் ஆழமாகப் போனால் அந்த மேலதிகச் செலவு வாங்குகிறவருக்கு என்று இருந்தது. யென்ஸோ வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்டார்.

"தம்பி, மண்ணைத் துளைச்சுப் பாக்கிற வரைக்கும் பொறும்" என்றேன். செல்வம் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு யார் காசு தருகிறார்கள் என்று அவருக்கு நானே சொல்லியிருக்கிறேன். கட்டுகிறவன் காசு தருகிற ஆள் கட்டுகிறவனிடம் வாங்காதே என்றால் அவர்தான் என்ன நினைப்பார்? கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அண்ணை, உங்களுக்கு அவங்கள் இந்தமுறை குறைச்சுத் தாறாங்களோ?"

யென்ஸின் குழப்பம்

அடுத்த நாள், நான் பொறுக்கச் சொன்னதைக் கேள்விப்பட்டு யென்ஸ் கூப்பிட்டார். கெட்ட மனிதரில்லை. காப்பி ஊற்றித் தந்தார், கேக்கும் வெட்டி வைத்தார். அந்த ஒப்பந்தம் எல்லோருக்கும் கொடுக்கிற ஒப்பந்தம்தான் என்றார். அதுவும் உண்மை. மண் நல்லதாகவும் இருக்கலாம் என்றார். அதுவும் உண்மை. நல்லதென்று தெரிந்த பிறகு கையெழுத்து வைக்கலாமே என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பல வருடம் பழகிய ஒருவனைத் திடீரென்று அடையாளம் தெரியாமல் போனது போலப் பார்த்தார். டேனிஷில் மெதுவாக, எனக்கு விளங்க வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: "உனக்குக் காசு நாங்கள் தருகிறோம், பிறகு ஏன் நீ அவர்களுக்கு வேலை செய்கிறாய்?"

வாசுகியின் தீர்ப்பு

உங்கள் காசு எனக்கு வேண்டாம் என்று யென்ஸிடம் அங்கேயே சொல்லிவிட்டு, நேரே செல்வம் வீட்டுக்குப் போனேன். "என்ரை கூலியை இனி நீங்கள்தான் தரவேணும்" என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். செல்வத்தின் முகம் சுருங்கியது. "எங்கட ஆக்களிட்டையுமோ அண்ணை காசு?" என்றார். எனக்கு எழும்பிப் போய்விடலாம் போல இருந்தது.

வாசுகி கைபேசியை எடுத்தாள், தொகையைக் கேட்டாள், அந்த இடத்திலேயே அனுப்பினாள். பிறகு கதிரையை எனக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இப்ப சொல்லுங்கோ, கையெழுத்து வைக்கிறதோ?" என்றாள். முதல் நாள் சொன்னதையே ஒரு சொல் மாறாமல் சொன்னேன். செல்வம் வாய் திறக்கப் போனார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்: "சும்மா இருங்கோப்பா, காசு குடுத்து வைச்ச ஆள் சொல்லுறார்."

புது வாசலில்

துளைத்துப் பார்த்தார்கள். ஆளுயரத்துக்குக் கீழேயும் களிமண்ணும் சேறும்தான். அங்கே அத்திவாரம் போட்டிருந்தால் அவர்கள் சேர்த்த காசு நிலத்துக்குள்ளேயே போய், மேலே கட்டக் கடன் வாங்க வேண்டி வந்திருக்கும். இன்னும் கையெழுத்து வைக்காததால் ஒன்றும் கெடவில்லை. அதே தெருவின் மேட்டுப்பக்கத்தில், மண் பார்த்த பிறகு, அதே யென்ஸிடமே வாங்கினார்கள். குடிபுகுந்த அன்று யென்ஸ் பூங்கொத்தோடு வந்தார். செல்வம் என் தோளில் கைபோட்டு, "இவர் எங்கட ஆள்" என்று டேனிஷில் அவருக்கு என்னை அறிமுகப்படுத்தினார். யென்ஸும் முதல் தடவை பார்ப்பது போல எனக்குக் கை கொடுத்தார்.

மனைவிக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு சப்பாத்தைப் போட்டேன். செல்வம் வாசல்வரை ஓடி வந்தார். "அண்ணை, எஸ்பியர்க்கில என்ரை தம்பி புது வீடு பாக்கிறான், ஒருக்கால் போயிட்டு வாங்கோ. அவனிட்டைக் காசு கேக்காதேங்கோ, அது கட்டுறவன் தருவான்தானே?"

இதை எஸ்பியர்க் போகும் ரயிலில் இருந்து எழுதுகிறேன். டிக்கெட் என் காசு, ஆகவே இறங்கும்வரை நான் என்னுடைய ஆள்.