ஸ்டாப் வாட்ச் ஞானஜோதி

கொண்டுவந்த சி.டி.யைச் செருகி, கற்கண்டை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ஸ்டாப் வாட்சைக் கையில் எடுக்கிறார் ஞானஜோதி அக்கா. திரையில் கதாநாயகி வாயைத் திறந்தால் ஒரு அமுக்கு, மூடினால் இன்னொன்று. இரண்டரை மணி நேரப் படத்தில் அவள் பேசியது பதினோரு நிமிடம். "இதுல நாலு நிமிஷம் 'ஐயோ, விடுங்க'தான் தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படிவத்தை நிரப்புகிறார்.

ஊரப்பாக்கம் ஸ்டேஷனை ஒட்டிய ஹாஜா மைதீனின் பிரவுசிங் சென்டரில் எனக்குப் பக்கத்து நாற்காலி அக்காவுடையது. தமிழ்ப் படங்களில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஆராயும் இணையக் குழு ஒன்றில் அவர் உறுப்பினர். முப்பது பேர், யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஒரே படத்தை இருவர் தனித்தனியாகப் பார்த்துப் படிவம் நிரப்புவார்கள்: அவளுக்கு என்ன வேலை, கன்னத்தில் எத்தனை அறை வாங்கினாள், எப்படிப் பேசினாள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எல்லார் முன்னிலையிலும் பேசித் தீர்க்க வேண்டும்.

பிழைப்புக்கு அக்கா கோடம்பாக்கம் போய்க் கதாநாயகிகளுக்குக் குரல் கொடுக்கிறார். சோறு போடும் தொண்டை என்பதால் ரயிலில் வாயே திறக்க மாட்டார், எதுவானாலும் கைஜாடைதான். ஆட்டோக்காரர் அநியாயக் கூலி கேட்டால் மட்டும் அந்தச் சினிமாக் குரலை எடுத்துவிடுவார். அந்த மனிதர் பின்சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே வண்டியைக் கிளப்பிவிடுவார். அக்கா இந்தத் தொழில் செய்வது குழுவில் யாருக்கும் தெரியாது. குரல் யாருடையது என்று வெளியே சொன்னால் அடுத்த படம் கிடையாது என்பது படக் கம்பெனியின் கண்டிப்பு.

போன சனிக்கிழமை வம்பு வந்தது. ஒரு படத்தில் டாக்டராக வரும் கதாநாயகி பேசும் விதத்துக்கு அக்கா 'இயல்பு' என்று போட்டிருந்தார். அதே படத்தைப் பார்த்த டொரன்டோ கெசியா, 'குழந்தைக் கொஞ்சல்' என்று போட்டுவிட்டார். ஒரு டாக்டர் இப்படியா பேசுவாள், காதில் பஞ்சு வைத்துக்கொண்டா கேட்டீர்கள் என்று குழுவிலேயே விசாரணை வேறு.

அது அக்காவின் குரல்.

காட்சியை மூன்று முறை ஓட்டிக் கேட்டார். முகம் சுருங்கிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது.

"கெசியா சொல்றது சரிதான் தம்பி. முதல்ல எனக்கு டாக்டராத்தான் பேச வந்துச்சு. 'இன்னும் கொஞ்சம் பாப்பாவாப் பேசுங்கம்மா'ன்னு டைரக்டர் சார் ஏழு டேக் வாங்கினாரு. கடைசியில பாப்பாவாவே பேசிட்டேன்."

அந்த ஒரு சொல்லைத் திருத்தி அனுப்பினால் போதும், வேறெதுவும் உளற வேண்டாம் என்றேன். கம்பெனி ஆட்கள் யாராவது இதையெல்லாம் படித்துவைத்தால் பிழைப்பில் மண் விழும் என்றும் பயமுறுத்தினேன். அக்கா தலையாட்டினார். 'இயல்பு' போய் 'குழந்தைக் கொஞ்சல்' வந்தது.

பிறகு படிவத்தில் யாரும் கேட்காத ஒரு கட்டத்தைப் புதிதாகச் சேர்த்தார். தலைப்பில் 'குரல் கொடுத்தவர்' என்று அடித்தார். அதன் கீழே தன் முழுப் பெயரையும் அடித்து, முப்பது பேருக்கும் போகும் பொத்தானை அழுத்தினார்.