சனாயே கேட்ட சூப்

தொக்குஜி நல்ல மனிதர் என்றுதான் ஜப்பானின் ஷிரொதொரி ஊரில் எல்லோரும் சொல்வார்கள். முப்பத்தெட்டு வருஷம் படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவர். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அசுரப் பிடிவாதம். வருஷப் பிறப்பன்று காலையில் குடிக்கும் சூப் அவர் ஊர் முறைப்படிதான் இருக்க வேண்டும். வெள்ளை மிசோ என்கிற சோயா விழுது கரைத்த குழம்பில், உள்ளே இனிப்புப் பயறுப் பூரணம் வைத்த மோச்சி என்கிற அரிசி உருண்டை மிதக்க வேண்டும்.

மனைவி சனாயே வடக்கே பனி கொட்டும் முராகாமியில் பிறந்தவள். கையுறை ஃபேக்டரிக்கு வேலைக்கு வந்த இடத்தில் இவரைக் கட்டிக்கொண்டாள். அவள் ஊர் சூப்பே வேறு. தெளிந்த ரசம், உப்புப் போட்ட சால்மன் மீன், முள்ளங்கி, கேரட், பூரணம் கீரணம் இல்லாத வெறும் மோச்சி. கல்யாணமான முதல் வருஷம் இனிப்பு மோச்சியைக் கடித்ததும் அவள் முகம் போன போக்கைத் தொக்குஜி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நடித்துக் காட்டிச் சிரிப்பார். அவளும் கூடவே சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நம்பியே மனிதர் நாற்பத்து மூன்று வருஷம் ஓட்டிவிட்டார்.

போன டிசம்பரில் அவள் கேட்டாள்.

“என்னங்க, இந்த ஒரு தடவை மட்டும் எங்க ஊர் சூப் வைக்கட்டுமா?”

“வருஷப் பொறப்பும் அதுவுமா மீன் நாத்தத்துலயா கண்ணு முழிக்கணும்? அடுத்த வருஷம் பாத்துக்கலாம், போ.”

“உங்க அடுத்த வருஷம் வர்றதுக்குள்ள எனக்குப் பல்லெல்லாம் கொட்டிரும்.”

பல் கொட்டவில்லை. அக்டோபரில் ஒருநாள், துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்க வீட்டுக்கு வருஷப் பிறப்பு கிடையாது. இந்த முறை வாழ்த்து அனுப்ப இயலாது என்று சாம்பல் கரை போட்ட அட்டைகளை நவம்பரிலேயே அனுப்பிவிட்டார். வாசலில் பண்டிகைக்குக் கட்டும் வைக்கோல் கயிறும் கட்டவில்லை. ஆனால் தான் சொன்ன அந்த ‘அடுத்த வருஷம்’ அவரைத் தூங்கவிடவில்லை. அவள் படத்துக்கு முன்னால் அவள் கேட்ட சூப்பை ஒரு கிண்ணம் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அவருக்கோ வெந்நீர் வைப்பதே பெரிய சமையல். முராகாமியில் இருக்கும் சனாயேயின் தங்கை கினுயோவுக்குப் போன் போட்டார்.

“மீன் கொஞ்சம் அனுப்பி வையேம்மா. எப்படி வைக்கிறதுன்னும் சொல்லு.”

“போன வருஷமே அனுப்புனேனே அத்தான்? அக்கா கேட்டான்னு நல்ல துண்டாப் பாத்து அனுப்புனேன். வைக்கலியா?”

தொக்குஜி திரும்பிச் சனாயேயின் படத்தைப் பார்த்தார்.

“வருஷா வருஷம் ஒண்ணாந்தேதி காலையில போன் பண்ணுவா அத்தான். ‘உன் கிண்ணத்துல என்னென்ன கெடக்கு, சொல்லுடி’ம்பா. நான் ஒண்ணொண்ணாச் சொல்வேன். கேட்டுட்டு, ‘சரி, நான் போயி பாயசம் குடிக்கிறேன்’னு சிரிச்சிட்டு வச்சிருவா.”

போனை வைத்துவிட்டு ஃப்ரீஸரைக் குடைந்தார். பட்டாணிப் பைகளுக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். மேலே அவள் கையெழுத்தில், ‘அடுத்த வருஷம்’. தொக்குஜி சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவள் போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

அதற்குப் பிறகு மனிதர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கினுயோ சொல்லச் சொல்லக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். கேரட் சீவும்போது விரலையும் சீவிக்கொண்டார். முப்பதாம் தேதி மோச்சி வாங்க வழக்கமான கடைக்குப் போனார், கடைக்காரம்மா வழக்கமான பொட்டலத்தை நீட்டினாள், வாங்கிக்கொண்டு வந்தார்.

வருஷப் பிறப்பன்று விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்தார். ரசம் கண்ணாடிபோலத் தெளிந்து வந்தது. மீனைப் போட்டார். ஒரு வருஷம் உறைந்து கிடந்த மீன் என்றாலும் மணம் எழும்பியது. அவருக்கே நாக்கில் நீர் ஊறியது. இதைப் போய் நாற்றம் என்றேனே என்று தன்னையே திட்டிக்கொண்டார். கடைசியாக மோச்சியைப் போட்டார். மெத்தென்று உப்பியது, பக்கவாட்டில் வெடித்தது, உள்ளிருந்து கருஞ்சிவப்பாக இனிப்புப் பூரணம் வழிந்தது.

கரண்டியோடு நின்றார். மீனை நினைத்தார், முள்ளங்கியை நினைத்தார், பழகிய கை வாங்கிய மோச்சியை மட்டும் நினைக்கவில்லை. ஒரு நிமிஷத்துக்குள் சூப் முழுக்கச் சேறாகிவிட்டது. வேறு மீன் இல்லை. இன்றைக்குப் பார்த்து அந்த ஊரில் ஒரு கடை திறந்திருக்காது.

கலங்கிய அந்தச் சூப்பைத்தான் கிண்ணத்தில் ஊற்றிப் படத்துக்கு முன்னால் வைத்தார்.

“பாத்தியா சனாயே, இதையும் நானே கெடுத்துட்டேன்” என்றார்.

சனாயே வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை அவரால் பார்க்க முடியவில்லை. வெகுநேரம் கழித்துப் போனை எடுத்தார்.

“கினுயோ... உன் கிண்ணத்துல என்னென்ன கெடக்கு, சொல்லும்மா.”

தொக்குஜி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டுப் போனைப் படத்தின் அருகில் வைத்தார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் கினுயோ சொல்ல ஆரம்பித்தாள்.

“முள்ளங்கி கெடக்குக்கா. கேரட்டு கெடக்கு. மீனு, நல்ல பெரிய துண்டு...”