தொப்பை திறந்த வாசல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில், பம்பாய் தாராவியில் ஒரு தோல் பைப் பட்டறையில் தைத்துக்கொண்டிருந்தேன். அப்போதே எனக்கு வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. தொப்பை எனக்கு ஓரடி முன்னால் நடக்கும்.

பட்டறை என்றால் தகரச் சுவர், தகரக் கூரை, ஒரே கதவு. ஜன்னல் கிடையாது. தோல் வாடையும் ரப்பர் பசை நெடியும்தான் எங்களுக்குக் காற்று. காலையில் குனிந்தால் இருட்டும்வரை நிமிர முடியாது. நான் எதையாவது உளறிச் சிரிக்கவைக்கப் பார்ப்பேன். சிரிக்கவும் பாதிப் பேருக்குத் தெம்பிருக்காது.

இத்தனை பேர் உள்ளே கிடக்கிறோம் என்று தெரிந்தால் ஜன்னல், கக்கூஸ், லீவு என்று சட்டம் பேசுமே! அதனால் லேபர் இன்ஸ்பெக்டர் சந்துக்குள் வருகிறார் என்றாலே முதலாளி எங்களை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு, எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். பட்டறைக்கு விடுமுறையாம். நாங்கள் தும்மக்கூடக் கூடாது.

அன்றைக்கும் பூட்டினார். நல்ல சித்திரை வெயில். கொஞ்ச நேரத்தில் தகர இடுக்கு வழியே புகை வந்தது. பின்னால் குயவர்களின் சூளை. தினமும் வரும் புகைதான். எனக்கும் தெரியும். ஆனால் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டே அதை முகர்ந்தபோது தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று. பக்கத்தில், பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் பசை டின்கள் வேறு.

“தீ! தீ!” என்று அலறினேன்.

“ஏ அண்ணாச்சி, சூளப் புகைவே! வாய மூடும், பொழப்புல மண்ணப் போடாதேயும்” என்று தோல் வெட்டுகிறவர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். வேட்டி அவர் கையில் நின்றது. நான் நிற்கவில்லை. பக்கச் சுவரின் துருப்பிடித்த தகரத்தை உதைத்துப் பெயர்த்துத் தலையை விட்டேன். தலை போயிற்று, தோள் போயிற்று, தொப்பை போகவில்லை. பாதி ஆள் சந்தில், அண்டர்வேரோடு மீதி ஆள் பட்டறையில். நிஜமாகவே தீப்பிடித்திருந்தால் இருந்த ஒரே வழியையும் நான்தான் அடைத்திருப்பேன்.

டீ கிளாஸோடு ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தவர், இன்ஸ்பெக்டர். பின்னால் முதலாளி.

“ஆக் கஹாங் ஹை?” என்று தீயைத் தேடினார் இன்ஸ்பெக்டர்.

எனக்குத் தெரிந்த இந்தி மொத்தமும் காலை வாரிவிட்டது. “சூளை, சாப்” என்றேன். நான் வெளியே வந்து விழுந்ததும், ஓட்டை வழியே உள்ளே அத்தனை முகங்களையும் பார்த்துவிட்டார்.

பட்டறையை மூடிவிட்டார்கள். கூலியில்லாத அந்த நாட்களில் ஒருத்தரும் என்னோடு பேசவில்லை. ‘தீயணைப்பு அண்ணாச்சி’ என்ற பட்டம் மட்டும் மிச்சம். மறுபடி திறந்தபோது, உத்தரவுப்படி அந்த ஓட்டை ஒரு வாசலாகியிருந்தது. மற்றபடி அதே குனிவு, அதே நெடி.

பின்னொரு நாள் புது இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் முதலாளி பழைய வழக்கப்படி வந்தார், இந்தத் தடவை இரண்டு பூட்டோடு. தோல் வெட்டுகிறவர் அந்தப் புது வாசலுக்குக் குறுக்கே காலை நீட்டினார். “பூட்டும் மொதலாளி. எங் காலயும் சேத்துப் பூட்டும்” என்றார், வெட்டுகிற தோலிலிருந்து கண்ணை எடுக்காமல். பக்கத்தில் இன்னொரு கால் நீண்டது. மூன்றாவது கால் என்னுடையது. முதலாளி சாவியைக் குலுக்கியபடி எந்த வாசலையும் பூட்டாமலே போய்விட்டார்.

இன்றைக்கும் கல்யாண வீடானாலும் சினிமாக் கொட்டகையானாலும் கதவோரம்தான் உட்காருகிறேன். பந்திக்கு முந்துகிறேன் என்று கேலி செய்கிறார்கள். அப்படி உட்காரும்போதெல்லாம், வாசலுக்குக் குறுக்கே காலை நீட்ட அந்தத் தோல் வெட்டுகிற மனுஷர் எத்தனை வருஷத்து அலுப்பை உதறியிருப்பார் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.