கலாவதி கேட்ட பியூஸ்

செய்தி வந்தபோது மாசாய் நகரில் ஓர் உணவுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய ஷிப்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ கலாவதியின் படத்தைப் போட்டிருந்தார்கள். சிறுநீரகக் கோளாறால் நான்கு மாதங்களாகப் படுத்திருந்தவர் அன்று காலை போய்விட்டார். படத்துக்குக் கீழே வரிசையாக இரங்கல்கள். “அன்பே உருவானவர்.” “யார் மனமும் நோகப் பேசாதவர்.” தட்டிலிருந்த ரொட்டியைத் தள்ளி வைத்தேன். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது எரிச்சல்.

நண்பர்களே, கலாவதி நம் எல்லார் மனதையும் நோகடித்தவர். நாமும் சும்மா இருக்கவில்லை. ‘பியூஸ் அக்கா’ என்று பெயர் வைத்து, அவர் தலை தெரிந்தாலே சிரித்தோம். இப்போது அதை மறைத்துப் பூப்போட்டால் அவர் யாரென்றே தெரியாமல் போய்விடும்.

யோங் பெங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தொழிற்கல்வி முடித்து, பாசிர் கூடாங்கில் எங்கள் எண்ணெய் ஆலையின் மின் பராமரிப்புப் பிரிவுக்கு வந்தவர் அவர். அந்தப் பிரிவில் ஒரே பெண். பத்தொன்பது ஆண்டுகள் ஒன்றாக வேலை செய்தோம். ஷிப்டு முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்கு ஓடுவார்கள். அவர் மோட்டார் சைக்கிள் கொட்டகையில் குனிந்து குனிந்து ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்பார்.

லாரிகள் ஓடும் அந்தச் சாலையில் மழை பெய்தால் முன்னே எதுவும் தெரியாது. அதனால் என் கப்சாய் மோட்டார் சைக்கிளில் இரண்டு ஸ்பாட் லைட் மாட்டியிருந்தேன். பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர், ஹேண்டிலில் ஒரு சுவிட்ச், மேலே கறுப்பு டேப். முடிந்தது வேலை.

“மணியம், இதுக்கு பியூஸ் எங்க?”

“எரியுதுல்ல கலா? போதும் லா.”

“நெருப்புப் பிடிக்கிற வரைக்கும் எல்லாமே நல்லாத்தான் எரியும். சாவியை எடுத்தாலும் இந்த ஒயர்ல கரண்ட் இருக்கு, தெரியுமா? நீங்க ஹேண்டில் லாக் பண்றப்பலாம் ஒயர் நசுங்குது, பாருங்க.”

மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை எல்லார் முன்னாலும் சொன்னதால், வேண்டுமென்றே கேட்கவில்லை. ஒரு பெண் என் வண்டியைக் குறை சொல்வதா என்ற வீம்பு. இன்று எழுதும்போது கூசுகிறது.

கொட்டகையில் நிற்கும் வண்டிகளை மாதம் ஒருமுறை சோதிக்க அனுமதி கேட்டு அவர் அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தார். வண்டி அவரவர் சொந்தச் சொத்து, ஆலைக்குச் சம்பந்தமில்லை என்று பதில் வந்தது. “சொந்தச் சொத்துதான், ஆனா நெருப்புக்கு யார் சொத்துன்னு தெரியுமா?” என்று மேலாளரிடமே கேட்டிருக்கிறார். அந்த வாயால்தான் அவருக்குப் பதவி உயர்வு கிடைக்காமல் போனது என்று நாமே பேசிக்கொண்டோம்.

பிறகு ஒரு மதியம், ஷிப்டு மாறும் நேரத்தில், கொட்டகையிலிருந்து புகை வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் கலாவதி தீயணைப்புக் கருவியோடு உள்ளே நின்றார். ஐந்து வண்டிகள் எரிந்தன. அவருடையதும் ஒன்று. ஆறாவதை இழுத்து வெளியே போடும்போது அவருடைய இடது உள்ளங்கை வெந்துவிட்டது.

தீ என் வண்டியில்தான் பிடித்தது. எரிந்து கிடந்ததில், ஹேண்டில் கழுத்துக்குப் பக்கத்தில் ஒயரின் செம்பு இரும்போடு ஒட்டி உருகியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். விசாரணையில் கேட்டார்கள். “தனியா ஒண்ணும் மாட்டல சார், வாங்கினப்ப வண்டி எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சிருந்தேன்” என்றேன். வேலை போய்விடும் என்ற பயம். ‘காரணம் தெரியவில்லை’ என்று அறிக்கை எழுதி முடித்தார்கள். கலாவதி இரண்டாம் முறை கொடுத்த கடிதம், ஆதாரம் இல்லை என்று திரும்பி வந்தது.

கட்டுப்போட்ட கையோடு என்னிடம் வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். “நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், மணியம்” என்றார். அவ்வளவுதான். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ முறை அவரோடு தேநீர் குடித்திருக்கிறேன். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுத்ததில்லை.

சென்ற மாதம் அவரைப் பார்க்கப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மழையைப் பற்றியும் எல்லைப் பாலத்து வண்டி நெரிசலைப் பற்றியும் அரை மணி நேரம் பேசிவிட்டுத் திரும்பினேன். என்ன மனிதன் நான்!

இறுதிச் சடங்கன்று அவருடைய கணவர் சேகரைத் தனியாக அழைத்து, தீ என் ஒயரில் பிடித்ததையும் நான் மறைத்ததையும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அவளுக்குத் தெரியும். நீங்க என்னைக்காவது ஆபீஸ்ல போய்ச் சொல்லுவீங்கன்னு ரொம்ப நாள் பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் விட்டுட்டா.”

“என்னைப் பத்தி என்ன சொல்லுவாங்க?”

“ஒண்ணும் சொல்ல மாட்டா. அதான் எனக்குக் கோபம்.”

அடுத்த நாள் ஆலைக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட இளம் அதிகாரி, “பழைய கேஸ், அங்கிள்” என்று கோப்பில் வைத்துக்கொண்டார். இந்த வரிகளை எழுதும் வரை பதில் இல்லை. கொட்டகையை எட்டிப் பார்த்தேன். பியூஸ் இல்லாத ஒயர்கள் இன்னும் தொங்குகின்றன.

கலாவதியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். புதிதாக ஏதாவது மாட்டினால், அவர் பத்து நிமிடம் எரியவிட்டு, ஒயரை விரல்களால் நீவிக்கொண்டே போவார். எங்காவது சூடு தட்டினால் முழுவதையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். நேற்று என் அடுக்குமாடியில் ஒருவர் தன் மோட்டார் சைக்கிளில் மாட்டிய புது லைட்டைப் பெருமையாகக் காட்டினார். ஒயரில் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. சொன்னேன். “உங்க வேலையைப் பாருங்க” என்றார். அவர் பேட்டரி ஒயரைக் கழற்றும் வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.