பி.டி. மாஸ்டரின் மூச்சுப் பயிற்சி

நேற்று மல்லேஸ்வரத்தில் ஒரு மருந்துக் கடையில் யாரோ நீலகிரித் தைலப் புட்டியைத் திறந்தார்கள். வாசனை ஏறியதும், ‘அப்பாடா, மூக்கு வேலை செய்கிறது’ என்று தோன்றியது. இத்தனை வருடம் கழித்தும்! கொரோனா நாட்களில் எனக்கு அதுதான் வேலை. எழுந்ததும் தைலத்தை முகர்வேன், சந்தேகம் வந்தால் மறுபடியும். தொலைபேசியில் பேசும்போதுகூட முகக்கவசம் போட்டுக்கொள்வேன் ஐயா. கம்பி இல்லாத போனில் எதுவும் வரலாம் இல்லையா?

இந்த வீரனைத்தான் பிள்ளைகளின் மனநலத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். ஜீவனஹள்ளிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியர். மைதானம் பூட்டியாகிவிட்டது. “நீங்கதான் நல்லா ஜோக் அடிப்பீங்களே சார், பசங்களுக்குப் போன் பண்ணி மனச பாத்துக்குங்க” என்றார் தலைமையாசிரியை. ஒரு மதியம் கணினி வழியே பயிற்சி கொடுத்தார்கள். பாதியில் நெட் போய்விட்டது. எனக்குக் கிடைத்த பாதியில் இருந்தது இதுதான்: பிள்ளை கலங்கினால் மூச்சுப் பயிற்சி கொடு.

யாரைக் கூப்பிட்டாலும் “நல்லா இருக்கேன் சார்”தான். ஒற்றை அறை வீடு, ஒரே போன், அதுவும் ஸ்பீக்கரில். குடும்பமே சுற்றி உட்கார்ந்திருக்க எந்தப் பிள்ளை மனதைத் திறக்கும்?

ஒன்பதாம் வகுப்பு பவித்ரா அதைக்கூடச் சொல்லவில்லை. அவள் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆக்சிஜனுக்குக் காத்திருந்தே இறந்திருந்தார். “அவங்கம்மா போனதுல இருந்து வாயே தொறக்கல சார். இப்படியே ஊமையாயிடுவாளோன்னு பேஜாரா இருக்கு. நீங்களாவது பேச வைங்க” என்றார், பெயின்டர் வேலை பார்க்கும் அவள் அப்பா.

ஒரு ஜோக் சொன்னேன். சுவருக்குச் சொன்னது போலிருந்தது. பயத்தில் அந்தப் பாதிப் பயிற்சியை எடுத்துவிட்டேன். “பவித்ரா, மூச்ச நல்லா இழுத்து விடும்மா. எல்லாம் சரியாப் போயிடும்.”

“அம்மாகிட்டயும் இதத்தான் சார் சொன்னாங்க,” என்றாள். “அவங்களும் இழுத்துப் பாத்தாங்க. வரல.”

மறுமுனையில் ஒரே கூச்சல். “பேசிட்டா! ஏய், பாப்பா பேசிட்டா!” அப்பா அழுகிறார், யாரோ கைதட்டுகிறார்கள். “நீங்க டாக்டர் சார், பெரிய டாக்டர்!” அடுத்த கூட்டத்தில் தலைமையாசிரியை என் முறையை மற்ற ஆசிரியர்களும் பின்பற்றச் சொன்னார்.

பள்ளி திறந்ததும் பவித்ரா வந்தாள். பேச்சுக்குக் குறைவில்லை, என் தொப்பையைக்கூடக் கிண்டல் செய்தாள். கொரோனாவுக்கு முன் எங்கள் மைதானத்தில் அவளை முந்த ஆளில்லை. “ஓடலியாம்மா?” என்றேன்.

“வேணாம் சார். மூச்சு வாங்கும்.”

மற்றவர்கள் ஓட, அவர்களுடைய தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் உட்கார்ந்திருந்தே பத்தாவது முடித்துப் போனாள். இப்போது எங்கள் பள்ளியில் மனநலத்துக்கென்று தனி அறையே இருக்கிறது, மெத்தை வைத்த நாற்காலியோடு. மைதானத்தில் அந்த ஓட்டம்தான் இல்லை.